டிஃபால்ட் என்றால் தவறா, இயல்பா?

மார்ச் 3, இரவு 8.15 (வந்த கேள்வி)

போனில் ஒரு கோப்பைத் திறந்தால் "இந்தச் செயலியை டிஃபால்ட் ஆக்கவா?" என்று கேட்கிறது. அகராதியைப் புரட்டினால் டிஃபால்ட்டுக்கு முதல் பொருளே "தவறுதல், கடமையைச் செய்யாதிருத்தல்". கடன் கட்டாதவரையும் டிஃபால்ட்டர் என்கிறார்கள். அப்படியென்றால் "ஆம்" என்று தொட்டால் நான் எதைத் தவறச் செய்கிறேன்? இரண்டும் ஒரே சொல்தானா, இல்லை எழுத்து மட்டும் ஒன்றாக இருக்கும் வேறு வேறு சொற்களா?

மார்ச் 3, இரவு 9.40

ஒரே சொல்தான். பயப்படாமல் தொடுங்கள்.

நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் எது நடக்குமோ அது டிஃபால்ட். அதாவது தயாரித்தவர் பெட்டியில் போட்டு அனுப்பும்போதே வைத்துவிட்ட அமைப்பு. புதுப் போனின் மணியோசை, திரையில் இருக்கும் படம், எழுத்தின் அளவு, இதெல்லாம். அவ்வளவுதான் விஷயம்.

மார்ச் 3, இரவு 11.05

அவ்வளவுதான் என்று எழுதிவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. இதே சொல்லிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்ட கதை நினைவுக்கு வந்துவிட்டது.

மென்பொருள் மொழிபெயர்ப்பில் என் முதல் வேலை. ஒரு அட்டவணையில் நானூற்றுச் சொச்சம் வரிகள். இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் வெற்றுக் கட்டம். எந்த வரி எந்தத் திரையில் வரும் என்று யாரும் சொல்லவில்லை. கேட்கவும் எனக்குத் தெரியவில்லை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மளமளவென்று நிரப்பினேன். "டிஃபால்ட் ஃபான்ட்" வந்தது. "தவறிய எழுத்துரு" என்று போட்டேன். "டிஃபால்ட் பிரின்டர்" வந்தது. "தவறிய அச்சுப்பொறி". பதினேழு இடத்தில் இப்படி.

சரிபார்க்க உட்கார்ந்தவர் மூத்தவர், அதிகம் பேசமாட்டார். அந்த வரிக்கு நேராக ஒரே குறிப்பு எழுதியிருந்தார்: "எழுத்துரு எப்போது தவறினார்? சொல்லவே இல்லையே."

பதினேழையும் மாற்றினேன். எதற்காக மாற்றினேன் என்பது மட்டும் அப்போது புரியவில்லை. "இயல்புநிலை என்று போடு" என்றார், போட்டேன்.

மார்ச் 4, காலை 7.20

கேள்விக்கே திரும்புகிறேன். நேற்றைய பதில் அரைகுறை.

சொல் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அங்கே "டெஃபோத்" மாதிரி ஒலித்தது, எல் என்ற எழுத்து கிடையாது. அதற்கும் அடியில் இருப்பது "ஏமாற்று, பொய்த்துப்போ" என்ற பொருளுடைய லத்தீன் வினை. ஃபால்ட், ஃபெயில் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான். லத்தீனில் எல் இருக்கிறதே என்று பின்னால் வந்தவர்கள் ஆங்கிலத்திலும் அந்த எழுத்தைத் திரும்பச் சொருகிவிட்டார்கள். முதலில் அந்தச் சொல்லுக்கு இருந்த பொருள் "இல்லாமை, குறை". இருக்க வேண்டிய ஒன்று இல்லை. வர வேண்டிய ஒன்று வரவில்லை.

இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானே வரிசையில் நிற்கும்.

நீதிமன்றத்தில் வழக்கு. பிரதிவாதி வரவில்லை. வந்தவர் பக்கம் தீர்ப்பு. அது டிஃபால்ட் தீர்ப்பு. போட்டியில் எதிராளி வரவில்லை, நீங்கள் ஒரு அடி கூட எடுத்து வைக்காமல் ஜெயித்துவிட்டீர்கள். அது டிஃபால்ட் வெற்றி. தவணை நாள் வந்தது, பணம் வரவில்லை. அது கடன் டிஃபால்ட். எழுத்தின் அளவு எவ்வளவு என்று கணினி கேட்டது, நீங்கள் பதில் சொல்லவில்லை. கணினி ஒன்றை எடுத்துக்கொண்டது. அது டிஃபால்ட் மதிப்பு.

எல்லாவற்றிலும் ஒருவர் வரவில்லை. கடனில் வராதது பணம். போனில் வராதது நீங்கள்.

ஆக உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில்: நீங்கள் ஒன்றையும் தவறச் செய்யவில்லை. நீங்களே தவறினால் என்ன செய்வது என்று போன் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்கிறது.

மார்ச் 4, காலை 7.32

திருத்தம். போட்டி விஷயத்தில் டென்னிஸைச் சேர்க்காதீர்கள். அங்கே எதிராளி காயம், உடல்நலக் குறைவு என்று ஆடாமலே விலகினால் "வாக்ஓவர்". "டிஃபால்ட்" என்பது நடத்தை விதியை மீறியதற்காக ஆட்டத்திலிருந்தே நீக்குவது. 2020 அமெரிக்க ஓப்பனில் ஜோகோவிச் அடித்த பந்து கோட்டு நடுவர் ஒருவர் மீது பட்டது, ஜோகோவிச்சை டிஃபால்ட் செய்தார்கள். ஆள் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். ஒரு சொல்லுக்கு நான் கோடு போட்டு முடிப்பதற்குள் அது கோட்டைத் தாண்டிவிடுகிறது.

மார்ச் 4, மதியம் 1.10

நேற்று "தயாரித்தவர் வைத்து அனுப்பும் அமைப்பு" என்றேன் அல்லவா? அது பாதிதான். உங்கள் கேள்வியே அதைக் கவிழ்த்துவிடுகிறது, நான் கவனிக்கவில்லை. "இதை டிஃபால்ட் ஆக்கவா" என்று உங்களைத்தானே கேட்கிறது? நீங்களே தேர்ந்தெடுத்தால் அது எப்படி "தேர்ந்தெடுக்காவிட்டால் நடப்பது" ஆகும்?

ஆகும். இன்று ஒரு தடவை சொல்கிறீர்கள், இனி ஒவ்வொரு தடவையும் சொல்லாமல் இருப்பதற்காக. நாளைக்கு வராமல் போகப்போகிற உங்களுக்கு இன்றைக்கு இருக்கிற நீங்கள் பதிலாள் வைத்துவிட்டுப் போகிறீர்கள். டிஃபால்ட்டைத் தயாரித்தவர் வைக்கலாம், அலுவலக நிர்வாகி வைக்கலாம், நீங்களே வைக்கலாம். தயாரித்தவர் வைத்ததைக் குறிப்பாகச் சொல்ல "ஃபேக்டரி டிஃபால்ட்" என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதற்குத் திரும்பினால் நீங்கள் வைத்த பதிலாட்களும் சேர்ந்து போய்விடுவார்கள். புகைப்படங்களும்தான். எனவே அந்தப் பொத்தானைத் தொடும் முன் மட்டும் நிஜமாகவே பயப்படலாம்.

மார்ச் 4, மதியம் 1.25

ப்ரீசெட் வேறு. ப்ரீசெட் என்பது தயாராக அடுக்கி வைத்திருக்கும் பல அமைப்புகள், நீங்கள் வந்து ஒன்றை எடுத்தால்தான் வேலை செய்யும். டிஃபால்ட்டுக்கு நீங்கள் வரவே வேண்டாம்.

மார்ச் 5, இரவு 10.00

ஆங்கிலத்தில் எழுதும்போது கவனிக்க வேண்டியது பின்னால் வரும் ஒட்டுச்சொல். "டிஃபால்ட் ஆன்" என்றால் கடன் கணக்கு: கட்ட வேண்டியதைக் கட்டத் தவறினான். "டிஃபால்ட் டு" என்றால் கணினிக் கணக்கு: வேறொன்றும் சொல்லாதபோது இதில் போய் நின்றது. ஆனுக்குப் பதில் டு போட்டால் கடனாளி திடீரென்று மென்பொருளாகிவிடுவார். "பை டிஃபால்ட்" என்றால் "யாரும் மாற்றாத வரை". "இன் டிஃபால்ட்" என்றால் மறுபடி கடன், நிலுவையில் நிற்கிறார்.

உச்சரிப்பில் அழுத்தம் "ஃபால்ட்" மேல் விழும். "டீஃபால்ட்" என்று முதல் அசையை இழுத்துச் சொல்பவர்களும் உண்டு. நானும் பல வருஷம் இழுத்தேன்.

அப்புறம் நம் பேச்சில் இது வேறு வேலையும் பார்க்கிறது. "அவன் டிஃபால்ட்டா லேட்டாதான் வருவான்." இங்கே டிஃபால்ட் என்றால் "எப்பவும், கேட்கவே வேண்டாம்". ஆங்கிலத்தில் அந்த இடத்தில் வேறு சொல்தான் வரும். ஆனால் இதைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தடுக்க ஒன்றும் இல்லாவிட்டால் அவன் போய் நிற்கும் இடம் தாமதம். சொல்லின் உள்ளே இருக்கும் எந்திரத்தைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார்கள்.

மார்ச் 6, இரவு 9.15

டிஃபால்ட் என்றால் என்ன என்று எனக்கு மூளையால் அல்ல, முதுகால் புரிந்த நாள் ஒன்று உண்டு.

நூற்று நாற்பது பக்கக் கையேடு. நானே பக்கம் கட்டினேன், ஏ4 தாளுக்கு. பக்க எண்ணைக் கீழ் விளிம்புக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்திருந்தேன், அழகாக இருக்கிறது என்று. மறுநாள் காலை பத்து மணிக்கு ஒப்படைக்க வேண்டும். இரவு அச்சிட உட்கார்ந்தேன். அச்சிடும் பெட்டி திறந்தது: எத்தனைப் படி, எந்தப் பக்கங்கள், கருப்பு வெள்ளையா வண்ணமா. இந்த மூன்றையும் பார்த்தேன். அதற்குக் கீழே சின்னதாக "மேலும் அமைப்புகள்" என்று ஒரு முக்கோணம் மடங்கிக் கிடந்தது. அதைத் தொடவில்லை. யார் தொடுவார்கள்?

எந்திரம் துப்ப ஆரம்பித்தது. நான் பக்கத்தில் நின்று சூடான தாள்களைத் தட்டித் தட்டி அடுக்கினேன். ஐம்பது பக்கம் வந்தபின்தான் எதேச்சையாக ஒன்றைப் பார்த்தேன். கீழே எண் இல்லை. அடுத்ததிலும் இல்லை. அடுக்கின் அடிவரை உருவிப் பார்த்தேன், ஒன்றிலும் இல்லை. கடைசி வரி இருந்தது, அதற்குக் கீழே எண் இருக்க வேண்டிய இடம் துடைத்து வைத்த மாதிரி வெள்ளையாக இருந்தது. பதறி நிறுத்தப் போன வேகத்தில் கை பட்டு அடுக்கு சரிந்து தரையெல்லாம் தாள். எண் இல்லாத ஐம்பது தாள். உள்ளே மட்டும் "பக்கம் 87 பார்க்க" என்று நிம்மதியாக எழுதியிருக்கிறது.

முக்கோணத்தை விரித்தேன். தாள்: லெட்டர்.

ஏ4 என்பது 210-க்கு 297 மில்லிமீட்டர். லெட்டர் என்பது எட்டரைக்குப் பதினொரு அங்குலம், அதாவது 216-க்கு 279. அகலத்தில் கொஞ்சம் கூட, உயரத்தில் ஏறக்குறைய 18 மில்லிமீட்டர் குறைவு. தட்டில் இருந்தது ஏ4 தாள்தான். ஆனால் மென்பொருள் அதை லெட்டர் என்று நம்பி, பக்கத்தை 279-லேயே முடித்துக்கொண்டது. என் பக்க எண் அந்த 18 மில்லிமீட்டருக்குள் இருந்தது.

யார் லெட்டர் என்று சொன்னது? தேடினேன். நான்தான். அந்தக் கணினியை அமைத்த அன்று மொழி எது என்று கேட்டது, பட்டியலில் முதலில் நின்ற "ஆங்கிலம், அமெரிக்கா" என்பதைத் தொட்டுவிட்டு நகர்ந்திருக்கிறேன். மொழியைக் கேட்டவன் தாளையும் அதோடு சேர்த்து எடுத்துக்கொண்டான். அமெரிக்கா என்றால் லெட்டர். அளவுகூட அங்குலத்தில்தான் இருந்தது, அதையும் அன்று வரை நான் கவனித்ததில்லை.

பட்டியலில் முதலில் நின்றதும் ஒரு டிஃபால்ட். அதை ஏற்றதால் வந்தது இன்னொரு டிஃபால்ட். விடிய விடியத் தரையில் உட்கார்ந்து வாக்கியம் எங்கே விட்டு எங்கே தொடர்கிறது என்று பார்த்துப் பார்த்து அடுக்கினேன்.

மார்ச் 6, இரவு 9.50

"திரும்ப அச்சிட்டிருக்கலாமே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தாள் தீர்ந்துவிட்டது. மீதிப் பக்கங்களுக்குத்தான் போதுமாக இருந்தது. முதல் ஐம்பதுக்கும் எண்களைக் கையால் எழுதினேன். வாங்கிக்கொண்டவர் "கைவேலைப்பாடு நன்றாக இருக்கிறது" என்றார். திட்டினாரா பாராட்டினாரா என்று இன்றுவரை தெரியாது.

மார்ச் 8, காலை 6.45

நிரல் எழுதும் ஒருவர், "எங்கள் டிஃபால்ட் வேறு, அதையும் சொல்லுங்கள்" என்கிறார். வேறு இல்லை, அதேதான். சி மொழியில் ஸ்விட்ச் என்று ஒன்று. வந்த மதிப்பு ஒன்றா, இரண்டா, மூன்றா என்று கேஸ் கேஸாகக் கேட்டுக்கொண்டே போகும். எதிலும் பொருந்தாவிட்டால் டிஃபால்ட் என்று எழுதிய இடத்துக்குப் போகும். பலர் அதைப் பிழைச்செய்தி போடும் இடமாக நினைக்கிறார்கள், "தவறு" என்ற அகராதிப் பொருள் தலையில் உட்கார்ந்திருப்பதால். பிழையாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. எந்த அழைப்புக்கும் ஆள் வராதபோது எழுந்து வருபவர், அவ்வளவே. அதைக் கடைசியில்தான் எழுத வேண்டும் என்ற விதியும் இல்லை, பழக்கம்தான்.

இன்னும் பழைய கதை ஃபோர்ட்ரான். 1957-ல் ஐபிஎம் வெளியிட்ட மொழி. அதில் ஒரு மாறியின், அதாவது மதிப்பைப் போட்டு வைக்கும் இடத்தின், பெயர் ஐ முதல் என் வரை உள்ள ஆறு எழுத்துகளில் ஒன்றில் தொடங்கினால் முழு எண். வேறு எழுத்தில் தொடங்கினால் மெய்யெண், அதாவது ரியல். நீங்கள் வாய் திறக்காவிட்டால் பெயரின் முதல் எழுத்தைப் பார்த்து அதுவே முடிவுசெய்துவிடும். இதை வைத்து நிரலாளர்களிடம் ஒரு பழைய ஜோக் உண்டு. காட் என்ற சொல் ஜி-யில் தொடங்குகிறது. ஆகவே கடவுள் மெய், முழு எண் என்று யாரும் அறிவிக்காத வரை. ஜோக்குகள் மொழிபெயர்த்தால் செத்துப்போகும் என்பார்கள். இது தமிழுக்கு வந்து ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறது.

இந்த வசதி பலபேர் உயிரை வாங்கியது. மாறியின் பெயரை ஒரு எழுத்து தப்பாக அடித்தால் மொழி "இப்படி ஒன்று இல்லையே" என்று கேட்காது. புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொண்டு, அதற்கு ஒரு வகையும் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் ஃபோர்ட்ரான் 90-ல் "இம்ப்ளிசிட் நன்" என்ற கட்டளை தரத்துக்குள் வந்தது. பொருள்: நான் சொல்லாததை நீயாக எடுத்துக்கொள்ளாதே.

மார்ச் 8, காலை 7.05

பைத்தான் என்ற நிரல்மொழியில் நான் விழுந்த குழியையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஃபங்ஷனுக்கு, அதாவது பெயர் சொல்லி அழைத்தால் ஓடும் நிரல் துண்டுக்கு, வெற்றுப் பட்டியலை டிஃபால்ட்டாகக் கொடுத்தேன். பட்டியல் வராவிட்டால் புதிதாக ஒன்றை வைத்துக்கொள், அதில் பெயர்களைச் சேர் என்று. முதல் ஆளுக்குச் சரியாக வந்தது. இரண்டாம் ஆளின் பட்டியலில் முதல் ஆளின் பெயர்களும் இருந்தன. மூன்றாம் ஆளுக்கு இரண்டு பேருடையதும். நடுராத்திரி, வீட்டில் யாரும் இல்லை, யாரோ உள்ளே உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்றே தோன்றியது.

பைத்தான் அந்த டிஃபால்ட்டை ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாகச் செய்வதில்லை. ஃபங்ஷனை வரையறுக்கும் வரியை ஓட்டும்போது ஒரே ஒரு தடவை செய்து வைத்துக்கொள்ளும். வராதவர் எல்லாருக்கும் ஒரே பதிலாள். அவரோ முன்னால் வந்தவர் கொடுத்த சாமானையெல்லாம் பையில் வைத்துக்கொண்டே சுற்றுகிறார்.

மார்ச் 10, இரவு 8.30

தமிழில் என்ன சொல்வது? இதைக் கேட்பார்கள் என்று தெரியும், தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

போன்களில் அதிகம் பார்ப்பது "இயல்புநிலை". "இயல்புநிலை உலாவி", "இயல்புநிலைக்கு மீட்டமை". வாயில் வழுக்கிக்கொண்டு வருகிறது. ஆனால் எனக்கு இதன் மேல் ஒரு வழக்கு உண்டு. இயல்பு என்றால் ஒன்றின் சொந்தக் குணம், யாரும் வைக்காமல் தானாக இருப்பது. டிஃபால்ட்டை யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து வைத்திருக்கிறார். அச்சிடும் பெட்டிக்கு லெட்டர் இயல்பு என்று சொன்னால் என் ஐம்பது தாள்களும் எழுந்து சண்டைக்கு வரும்.

இன்னொரு சங்கடம், இயந்திர மொழிபெயர்ப்பு இந்தச் சொல்லைக் கடனுக்கும் தூக்கிப் போட்டுவிடுகிறது. ஒரு செய்தியில் "நிறுவனம் இயல்புநிலைக்குச் சென்றது" என்று படித்தேன். அப்பாடா, பிழைத்துக்கொண்டது என்று நினைத்தேன். கடனைக் கட்ட முடியாமல் கையை விரித்திருந்தது.

இதை யோசித்துக்கொண்டிருந்தபோது நம் எழுத்திலேயே ஒரு டிஃபால்ட் கண்ணில் பட்டது. "க்" மேல் புள்ளி. கால் போட்டால் கா, கொம்பு போட்டால் கெ. புள்ளியும் போடாமல், வேறு குறியும் போடாமல் விட்டால்? க. அகரத்துக்கென்று தனிக்குறி கிடையாது. எந்தக் குறியும் வராத இடத்தில் அகரம் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. சுத்தமான டிஃபால்ட். ஆனால் தொல்காப்பியம் மெய்யின் "இயற்கை" என்று எதைச் சொல்கிறது? "மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல்." இயற்கை புள்ளியோடு நிற்பது, ஒன்றும் போடாமல் விட்டால் ஒலிப்பது அகரம். இயல்பு ஒன்று, விட்டால் வருவது வேறொன்று. இரண்டையும் குழப்பக்கூடாது என்பதற்கு எனக்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

"முன்னிருப்பு" பரவாயில்லை. முன்பே வைத்தது என்று தெரிகிறது. ஆனால் நீங்கள் வராதது அதில் தெரியவில்லை. ப்ரீசெட்டுக்கும் அதையே சொல்லலாம்.

மார்ச் 10, இரவு 8.55

கலைச்சொல் பட்டியல்களில் "கொடாநிலை" என்றும் ஒன்று உண்டு. முதலில் பார்த்தபோது சிரித்தேன். கொடா என்றாலே எனக்குக் கொடாக்கண்டன்தான் நினைவுக்கு வருவான். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. கொடா, கொடுக்காத. மதிப்பு எதுவும் கொடுக்காத நிலை. டிஃபால்ட் மதிப்பு என்றால் நீங்கள் ஒன்றும் கொடுக்காதபோது நிற்கும் மதிப்பு. ஆங்கிலச் சொல்லின் வயிற்றில் இருக்கும் "வரவில்லை" அப்படியே இதில் இருக்கிறது. மேலும் கடன் வாங்கிவிட்டுக் கொடுக்காத கொடாக்கண்டனும் இதே வாசலில் நிற்கிறான். இரண்டு பொருளுக்கும் ஒரே வேர். இதைச் செய்தவர் தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, கும்பிடலாம்.

ஆனால் திரையில் "கொடாநிலை அச்சுப்பொறி" என்று வந்தால் அச்சிட மறுக்கும் எந்திரம் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். அதுவும் பல நாள் உண்மைதான்.

மார்ச் 12, மாலை 6.10

"டிஃபால்ட் என்றால் சிபாரிசு என்றுதானே அர்த்தம்? விஷயம் தெரிந்தவர்கள் யோசித்து வைத்தது, மாற்றாமல் விடுவதே நல்லது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி நேரம் சரி. மீதிப் பாதியில்தான் ஆபத்து.

2016-ல் மிராய் என்ற தீநிரல் பரவியது. அது இணையத்தில் இணைந்திருக்கும் கேமராக்களையும் ரவுட்டர்களையும் தேடிப்போய்க் கதவைத் தட்டியது. கையில் இருந்தது சுமார் 60 பயனர்பெயர், கடவுச்சொல் ஜோடிகள். எல்லாம் தயாரித்தவர்கள் வைத்து அனுப்பிய டிஃபால்ட்கள். பூட்டை உடைக்கவே இல்லை, பெட்டியோடு வந்த சாவியைப் போட்டுத் திறந்தது. அந்த அக்டோபரில் அப்படிப் பிடித்த கருவிகளை வைத்துப் தளங்களின் பெயரை இணைய முகவரியாக மாற்றித் தரும் பெயர்ச் சேவை நிறுவனம் ஒன்றைத் தாக்கியபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பெரிய தளங்கள் பல மணி நேரம் தடுமாறின. டிஃபால்ட் கடவுச்சொல் சிபாரிசு இல்லை. மாற்றுவீர்கள் என்ற நம்பிக்கை.

யாருடைய நன்மைக்காக வைத்தது என்றும் பார்க்க வேண்டும். உலாவிகளிலும் போன்களிலும் தன் தேடுபொறியே டிஃபால்ட்டாக இருக்க கூகுள் 2021-ல் மட்டும் 2,600 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது. அமெரிக்க வழக்கு விசாரணையில் வெளிவந்த எண் இது. 2024 ஆகஸ்டில் அந்த நீதிமன்றம் கூகுள் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துக்கொண்டது என்று தீர்ப்பளித்தது. யார் வேண்டுமானாலும் நாலு தட்டலில் மாற்றிவிடக்கூடிய ஒரு அமைப்புக்கு இவ்வளவு பணம். மாற்றமாட்டோம் என்று நம்மைப் பற்றி எவ்வளவு உறுதியாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்!

கணினிக்கு வெளியே 2003-ல் வந்த ஒரு ஆய்வு உண்டு, ஜான்சன், கோல்ட்ஸ்டீன் என்ற இருவர் செய்தது. உறுப்புக்கொடை பற்றியது. ஜெர்மனியில் 12 சதவீதம், பக்கத்து ஆஸ்திரியாவில் 99.98 சதவீதம். மக்கள் மனம் அவ்வளவு வேறா? இல்லை. ஒரு நாட்டில் வேண்டும் என்பவர் சொல்ல வேண்டும், மற்றதில் வேண்டாம் என்பவர் சொல்ல வேண்டும். இரண்டிலும் பெரும்பாலானோர் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 12, மாலை 6.40

மேலே உள்ளதை அவசரத்தில் எழுதிவிட்டேன். அந்த எண்கள் ஒப்புதல் விகிதம், தாளில் இருப்பது. உண்மையில் நடந்த கொடைகள் அல்ல. கொடை நடக்க மருத்துவமனை, குடும்பம், நேரம் என்று வேறு பலவும் கூடி வர வேண்டும். டிஃபால்ட் ஒரு கட்டத்தைத்தான் நிரப்பும்.

மார்ச் 15, இரவு 11.30

"தவறிய எழுத்துரு" என்னை விடவில்லை.

தமிழில் தவறு என்றால் பிழை மட்டுமா? தவணை தவறியது. வண்டியைத் தவறவிட்டேன். வாக்குத் தவறினான். தாத்தா தவறிவிட்டார். எல்லாவற்றிலும் இருக்க வேண்டியது இல்லை, வர வேண்டியது வரவில்லை. பிரெஞ்சிலிருந்து வந்த சொல் ஆங்கிலத்தில் சுற்றிய சுற்றையெல்லாம் "தவறு" இங்கேயே சுற்றி வந்திருக்கிறது. கடன் டிஃபால்ட்டுக்குத் தவணை தவறுதல், கச்சிதம். கணினி டிஃபால்ட்டுக்கு? "சொல்லத் தவறினால் வரும் எழுத்துரு."

ஆக அன்று நான் செய்தது முழுப் பிழை இல்லை. தவறியது யார் என்பதில்தான் பிழை. எழுத்துருவைத் தவறவைத்துவிட்டேன், தவறியது பயனர். அந்த மூத்தவரிடம் இதைச் சொல்லலாம் என்று தோன்றியது. எண் இருக்கிறது. சொன்னால் "பதினேழு இடத்திலுமா?" என்பார். வேண்டாம்.

மார்ச் 16, காலை 8.05

நான் எதைப் பயன்படுத்துகிறேன் என்று கேட்டிருந்தார்கள். பேச்சில் டிஃபால்ட். திரைக்கு எழுதும்போது முன்னிருப்பு. இடம் தாராளமாக இருந்தால் பெயர்ச்சொல்லே வேண்டாம் என்று விட்டுவிட்டு வினையாக எழுதிவிடுகிறேன்: "நீங்கள் மாற்றாத வரை ஏ4 தாளில் அச்சாகும்." இதற்கு இதுவரை யாரும் விளக்கம் கேட்டு எழுதியதில்லை.

மார்ச் 19, இரவு 9.00

முதலில் கேள்வி கேட்டவர் அதற்கப்புறம் வரவே இல்லை. பதினாறு நாள் ஆயிற்று. மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு முடித்துவிடலாம் என்று பார்த்தேன்.

முடியாது போலிருக்கிறது. 2018 மே முதல் ஐரோப்பாவில் நடப்பில் இருக்கும் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முன்னுரை மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளக்கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறது. முன்கூட்டியே டிக் போட்டு வைத்த கட்டமும் செல்லாது. ஆகவே அவருக்குப் புரிந்ததா என்ற கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். வந்தால் அவரே டிக் போடட்டும்.

மார்ச் 19, இரவு 9.20

வந்துவிட்டார். அன்றைக்கே "ஆம்" என்று தொட்டுவிட்டாராம். எந்தச் செயலியை டிஃபால்ட் ஆக்கினார் என்றுதான் இப்போது நினைவில்லையாம், எப்படி மாற்றுவது என்று கேட்கிறார்.

அமைப்புகள், செயலிகள், அதற்குள் "இயல்புநிலை" என்று இருக்கும், பாருங்கள்.